நோட்டில் எழுதாதது

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் என் மனைவி எனக்கு வீட்டுப்பாடம் கொடுத்தது ஒரே ஒரு தடவைதான். நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கிவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். "காலைல கண்ணு முழிச்சதுல இருந்து படுக்கிற வரைக்கும் என்னென்ன சாப்பிடுறீகளோ அம்புட்டையும் இதுல எழுதுங்க. அரை டம்ளர் டீன்னாலும் எழுதணும்," என்றாள். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். நாற்பது பேரை அதட்டி வேலை வாங்குகிற ஆளை இப்படிச் சின்னப் பிள்ளை மாதிரி எழுத உட்கார வைத்துவிட்டாளே என்று எரிச்சலாக வந்தது. ஆனாலும் எழுதினேன். எழுதாமல் இருக்க முடியாத இடத்தில் என் வலது கால் பெருவிரல் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தது.

பட்டாசுக் கம்பெனிக்குள் செருப்பு போடக் கூடாது. கேட்டில் கழற்றிவிட்டால் சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் மறுபடி மாட்டவேண்டும். செருப்பில் மண்ணோ ஆணியோ ஒட்டியிருந்து, உரசி, ஒரு பொறி வந்தால் போதும், அதற்கு மேல் சொல்வதற்கு ஒன்றுமில்லை. வேலை செய்கிற தனித்தனிக் கட்டடங்களை நாங்கள் ரூம் என்போம். ரூம் வாசலில் பதித்திருக்கிற செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும், உடம்பில் இருக்கிற கரண்ட் இறங்குவதற்காக. ஒரு ரூமுக்கும் இன்னொரு ரூமுக்கும் நடுவில் வெட்ட வெட்டத் தழைக்கிற சீமைக்கருவேல். முப்பது வருஷமாக அந்த முள்ளுக் காட்டில் வெறுங்காலோடு நடந்து பழகியவன் நான். எந்த முள் எங்கே இருக்கும் என்று கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் காலுக்குத் தெரியும் என்று பெருமை வேறு பேசிக்கொண்டு திரிந்தேன்.

அந்தப் பெருமைக்குத்தான் அடி விழுந்தது. போன வருஷம் ஆடி மாதத்தில் ஒருநாள் சாயங்காலம், வேலை முடிந்து விருதுநகரில் எங்கள் வீட்டுக்கு வந்து டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி வாசலில் இருந்து உள்ளே பார்த்தவள், "இது என்ன தரையெல்லாம் செவப்பு செவப்பா?" என்றாள். லேபிள் ஒட்டுகிற சிவப்புப் பேப்பர் காலில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்றேன். அவள் கீழே உட்கார்ந்து என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துத் திருப்பினாள். பெருவிரலுக்கு அடியில் ஒரு முள் முழுசாக உள்ளே போயிருந்தது. அவள் அதைப் பிடுங்கி எடுத்தபோதும் எனக்கு எதுவும் தெரியவில்லை. நான் டிவிதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

அவள் கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் நர்ஸ். காரியாபட்டிப் பக்கத்துக்காரி. அவள் வீட்டில் எல்லாரும் டீச்சர், இல்லையென்றால் நர்ஸ். எங்கள் வீட்டில் எல்லாரும் பட்டாசு. எட்டு வருஷமாக எனக்குச் சுகர் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மாத்திரை போடுவேன், டீயில் சீனி போட மாட்டேன், அதோடு என் கடமை முடிந்தது என்று இருந்தேன். புண் இரண்டு வாரத்தில் கறுத்துப்போய், ஓரத்தில் வெள்ளையாக விளிம்பு கட்டியது. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். முந்நூறைத் தாண்டியிருந்தது.

"சுகர் எறங்கினா புண்ணு ஆறும். எறங்கலைன்னா விரல எடுக்கணும். விரலோட நின்னுருமான்னு எங்கிட்ட கேக்காதீங்க, என்னால சொல்ல முடியாது. ரெண்டு மாசம் பாப்போம்," என்றார். சின்ன வயசு டாக்டர். பூசி மெழுகாமல் பேசினார். நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விரலோடு நிற்காது என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்கள் கம்பெனியில் மருந்து கலக்குகிறவர் ஒருவர் இருந்தார். பட்டாசுக்குள் போகிற பொடியை நாங்கள் மருந்து என்றுதான் சொல்வோம். அதைக் கலக்குவது வெயில் ஏறுவதற்கு முன்னால் முடிக்கவேண்டிய வேலை. நிதானமான கை வேண்டும். அவர் கை நிதானத்துக்கு எங்கள் கம்பெனியிலேயே ஆள் கிடையாது. என்னைவிட ஆறு வயது மூத்தவர், என் சொந்த ஊரான எம். புதுப்பட்டிக்காரர், நான் அண்ணே என்று கூப்பிடுகிறவர். அவருக்கும் சுகர். அவருக்கும் காலில்தான் முதலில் புண். முதலில் சுண்டுவிரலை எடுத்தார்கள். ஆறு மாதத்தில் முழங்காலுக்குக் கீழே எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள்.

அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, பார்க்க வருகிற ஆளிடமெல்லாம் ஒன்றையேதான் சொன்னார். "நான் சீனிய கையால தொட்டு மூணு வருசம் ஆச்சுலே. சத்தியமா ஒண்ணும் திங்கல. இது எப்படி ஏறுதுன்னே தெரியல." அதைக் கேட்டு நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்துக்கொள்வோம். நான் ஒரு படி மேலே போனேன். வார்டு வாசலில் நின்றுகொண்டிருந்த அவர் மனைவியிடம், "மதினி, அண்ணன் எங்கயோ ஒளிச்சு வச்சுத் திங்கிறாரு. திங்காம இப்படி ஏறாது. வீட்ல சீனி டப்பாவப் பூட்டி வைங்க," என்று சொல்லிவிட்டு வந்தேன். விளையாட்டாகச் சொன்னேனா, வினையாகச் சொன்னேனா என்று இன்றைக்குக் கேட்டால் எனக்கே தெரியவில்லை. வாய் இருந்தது, சொன்னேன்.

ஆக எனக்கு ரெண்டு மாசம் கெடு. முதல் மூன்று வாரம் லீவு போட்டு வீட்டிலேயே கிடந்தேன். காலைக் கீழே வைக்கக் கூடாது என்பதால் நாற்காலியில் உட்கார்ந்து, இன்னொரு நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு என் மனைவியின் ராஜ்யத்தில் வாழ்ந்தேன். மலையாகக் குவித்துச் சாப்பிட்ட வெள்ளைச் சோறு போய், குதிரைவாலிச் சோறு ஒரு சின்னக் கிண்ணத்தில் வந்தது. கூடவே அதைப்போல இரண்டு பங்கு அவரைக்காயோ கீரையோ. ஒரு முட்டை, இல்லையென்றால் அவித்த பாசிப்பயறு. சாயங்காலம் சேவு பொட்டலம் கிடையாது, வறுத்த கடலை ஒரு கை. "விருதுநகர்ல இருந்துக்கிட்டு எண்ணெய்ப் புரோட்டா திங்கக் கூடாதுன்னா ஊரைக் காலி பண்ணிட்டுப் போயிற வேண்டியதுதான்," என்றேன். "போங்க, ஆனா நொண்டிக்கிட்டே போவீக," என்றாள்.

அவளிடம் எனக்குப் பிடித்ததே இந்தப் பேச்சுதான். ஆனால் நோட்டு விஷயத்தில் அவளிடம் விளையாட்டு கிடையாது. ஒருநாள் 'கேப்பைக் கூழ்' என்று மட்டும் எழுதியிருந்தேன். எம்புட்டு என்று கேட்டாள். ஒரு சொம்பு என்றேன். கேப்பை சுகருக்கு நல்லதாமே, நிறையக் குடித்தால் நிறைய நல்லது என்பது என் கணக்கு. "கேப்பை நல்லதுதாங்க. சொம்புதான் நல்லதில்ல," என்றாள். அன்றிலிருந்து அளவும் சேர்த்து எழுதினேன். இட்லி மூன்று, மல்லிச் சட்னி. மோர் ஒரு டம்ளர். கொய்யாக்காய் பாதி. ஒரு பருக்கை விடாமல் உண்மையாக எழுதினேன் என்றுதான் சொல்லவேண்டும்.

மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது சுகர் நூற்றெண்பதுக்கு இறங்கியிருந்தது. புண்ணின் ஓரம் இளஞ்சிவப்பாக மாறத் தொடங்கியது. டாக்டரே ஆச்சரியப்பட்டார். என் மனைவி அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் மாதா கோயிலில் இறங்கி ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள். நான் வெளியே வண்டியில் உட்கார்ந்துகொண்டு, அடுத்தது எண்ணெய்ப் புரோட்டா கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

தீபாவளி சீசன் நெருங்கிவிட்டது. ஆர்டர் குவிந்து கிடக்கிறது, போர்மேன் இல்லாமல் ஓடாது என்று கம்பெனியில் இருந்து ஆள் மேல் ஆள் வந்தார்கள். டாக்டரிடம் கேட்டோம். நடக்காமல் உட்கார்ந்தே பார்க்கிற வேலை என்றால் போகலாம் என்றார். காலுக்கு மூன்று சுற்றுத் துணி கட்டி, கேட்டில் இருந்து ரூம் வரைக்கும் தள்ளுவண்டியில் உட்கார வைத்துக் கொண்டுபோனார்கள். பிள்ளைகளுக்குத்தான் வேடிக்கை வண்டி என்று நினைத்திருந்தேன், எனக்கும் வாய்த்தது. சாப்பாடு வீட்டில் இருந்தே போனது, குதிரைவாலி, அவரைக்காய், முட்டை. நோட்டும் கூடவே போனது. ஒரு நாள்கூடத் தப்பவில்லை.

இரண்டு வாரத்தில் சுகர் இருநூற்றுத் தொண்ணூறு. புண்ணில் மறுபடி நீர் வடியத் தொடங்கிவிட்டது.

என் மனைவி நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு முதல் பக்கத்தில் இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் பார்த்தாள். லீவில் இருந்தபோது எழுதினதும் வேலைக்குப் போனபிறகு எழுதினதும் ஒன்று மாதிரியே இருந்தன. நோட்டை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். "நிசத்தச் சொல்லுங்க. வர்ற வழியில எங்கயாவது சாப்பிடுறீகளா? நான் கோவிச்சுக்க மாட்டேன்."

எனக்கு உச்சந்தலை வரைக்கும் கோபம் ஏறியது. நோட்டைப் பிடுங்கி மூலையில் எறிந்தேன். "பொய் எழுதணும்னா எனக்கு எதுக்குடி இந்த நோட்டு? விரலு என்னுது. உனக்குப் போகல, எனக்குத்தான் போகப் போகுது. சத்தியமா ஒண்ணும் திங்கல," என்று கத்தினேன். கத்தி முடித்ததும், இந்த வார்த்தைகளை இதே மாதிரி வேறு யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறேனே என்று இருந்தது. யார் என்று ஞாபகம் வந்ததும் வாயை மூடிக்கொண்டேன். அவள் நோட்டைப் பொறுக்கி மேசையில் வைத்தாள். நம்பவில்லை என்பது மட்டும் தெரிந்தது. நர்ஸ் ஆயிற்றே. எத்தனை பேர் சத்தியம் செய்து பார்த்திருப்பாள்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் தேவைக்கு மட்டும் பேச்சு. சாப்பாடு வைத்தாள், காலுக்கு மருந்து போட்டுக் கட்டினாள், மாத்திரையை எண்ணிக் கொடுத்தாள். ஆனால் என்னைக் கிண்டல் செய்யவில்லை. இருபத்தாறு வருஷத்தில் அவள் என்னைக் கிண்டல் செய்யாத வாரம் அதுதான். விரல் போகப்போகிற பயத்தைவிட அது எனக்குப் பெரிய வேதனையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலில் இருந்து வந்ததும் சின்ன வெங்காயத்தை முறத்தில் கொட்டிக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தாள். பாதி வெங்காயத்தை என் பக்கம் தள்ளினாள். சமாதானத்துக்கு வந்திருக்கிறாள் என்று புரிந்துகொண்டு நானும் உரிக்க ஆரம்பித்தேன்.

"சாப்பாட்டப் பத்தி நான் இனிமே கேக்கல," என்றாள். "கம்பெனில வேலை எப்படி நடக்குதுன்னு சொல்லுங்க. காலைல வேன்ல இருந்து எறங்குறதுல ஆரம்பிச்சு, திரும்பி வேன்ல ஏறுற வரைக்கும்."

"இதுல என்ன இருக்கு சொல்றதுக்கு?"

"எனக்குத் தெரிஞ்சுக்கணும். இருபத்தாறு வருசமா நானும் பாக்குறேன், அங்க போறீக. நான் ஒரு நாளும் கேட்டதில்ல."

சொன்னேன். கேட்டில் செருப்பைக் கழற்றுவோம். செல்போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். செம்புத் தகட்டைத் தொடுவோம். மருந்து கலக்குகிறவர்கள் பத்தரைக்கு முடித்துவிட்டுக் குளிக்கப் போவார்கள். மற்றவர்கள் திரி வைப்பது, லேபிள் ஒட்டுவது, பெட்டியில் அடுக்குவது. பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. அப்புறம் மறுபடி வேலை. "மூணரைக்கு வேலைய நிறுத்தி, ரூமைக் கூட்டி, தண்ணி தெளிச்சு, கை கால் கழுவி, கருப்பட்டியும் பழமும் வாயில போட்டுக்கிட்டு வேன்ல ஏற வேண்டியதுதான்," என்று முடித்தேன்.

அவள் கையில் இருந்த வெங்காயம் அப்படியே நின்றது.

"என்னது போட்டுக்கிட்டு?"

"கருப்பட்டி. ஒரு சில்லு. ரெண்டு வாழப்பழம்."

"தினமுமா?"

"பின்ன? மருந்துத் தூசி நெஞ்சுல தங்காம எறங்கணும்ல?"

எம்புட்டு பெரிய சில்லு என்று கேட்டாள். உள்ளங்கையைக் குழித்துக் காட்டினேன். எத்தனை வருஷமாக என்றாள். சேர்ந்த நாளில் இருந்து என்றேன். "இத ஏங்க நோட்டுல எழுதல?" என்று கேட்டாள். எனக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. இதை எதற்கு நோட்டில் எழுதவேண்டும்? நீ சாப்பிட்டதைத்தானே எழுதச் சொன்னாய் என்று அவளிடமே திருப்பிக் கேட்டேன். சோப்புப் போட்டுக் கை கழுவியதை யாராவது சாப்பாட்டு நோட்டில் எழுதுவார்களா? எங்கள் கம்பெனியில் கருப்பட்டி தீனி கிடையாது. அது வேலையில் ஒரு பாகம். ரூமைக் கூட்டுவதும் தண்ணீர் தெளிப்பதும் எப்படியோ அப்படி. தொண்டையில் ஒட்டியிருக்கிற தூசியைக் கருப்பட்டி வழித்துக்கொண்டு போகும், பழம் அதை வயிற்றுக்குள் தள்ளிவிடும் என்று நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக் கொடுத்தார்கள். ஏன் என்று அதற்கு முன்னாலும் யாரும் கேட்கவில்லை, அதற்குப் பின்னாலும் யாரும் கேட்கவில்லை. அதிலும் கருப்பட்டி சீனி இல்லையே, பனையில் இருந்து வருவதுதானே, உடம்புக்கு நல்லதுதானே என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தோம்.

அவள் திட்டவில்லை. முறத்தை நகர்த்தி வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டாள். "சாப்பிடுறது எங்க போகும்?"

"வயித்துக்கு."

"மூச்சோட போற தூசி?"

"நெஞ்சுக்கு."

"அப்ப கருப்பட்டி எப்படிங்க நெஞ்சுக்குப் போயி தூசிய எடுத்துட்டு வரும்? தொண்ட வழவழன்னு இருக்கும், அம்புட்டுத்தான். தூசி போகாம இருக்கணும்னா மூக்குல துணிய ஒழுங்கா கட்டணும். கருப்பட்டியும் சீனியும் ரத்தத்துக்குள்ள போயிட்டா ஒண்ணுதாங்க. பனைல இருந்து வந்துச்சா கரும்புல இருந்து வந்துச்சான்னு அதுக்குத் தெரியாது."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். வெங்காயம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தாள். "என்னை மன்னிச்சிருங்க. நீங்க பொய் சொல்றீகன்னு நெனச்சிட்டேன்," என்றாள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. விரல் இருந்தால் என்ன, போனால் என்ன என்றுகூட அந்த நிமிஷம் தோன்றியது. ஒரு மனுஷனை வீட்டில் இருக்கிறவர்கள் நம்புவது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அந்த நிறைவு பத்து நிமிஷம்கூட இருக்கவில்லை. எஞ்சிய வெங்காயத்தை உரித்துக்கொண்டிருந்தபோது இன்னொன்று நினைவுக்கு வந்தது. கருப்பட்டி வட்டைச் சுவரில் தட்டி உடைத்து ஆளுக்குப் பங்கு பிரித்துக் கொடுப்பது போர்மேன் வேலை. பதினைந்து வருஷமாக அதை நான்தான் செய்கிறேன். மருந்து கலக்குகிறவர்கள் தூசியிலேயே நிற்பவர்கள் என்பதால் அவர்களுக்கு இரட்டைப் பங்கு என்பது வழக்கம். அண்ணன் பத்தரை மணிக்குக் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து நிற்பார். இருப்பதிலேயே பெரிய இரண்டு சில்லை எடுத்து அவர் கையில் வைப்பேன். போதும்லே என்று அவர் சொன்ன நாளும் உண்டு. "சும்மா சாப்பிடுங்கண்ணே, நெஞ்சு சுத்தமாகட்டும்," என்று நான்தான் வற்புறுத்துவேன்.

அன்றைக்குச் சாப்பிடவில்லை, அண்ணனுக்குக் கொடுத்த சில்லையும் மதினியிடம் சொல்லிவிட்டு வந்ததையும் என் மனைவியிடம் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன். நோட்டிலும் ஒன்றும் எழுதவில்லை.

கருப்பட்டியை நிறுத்தியதும் சுகர் இறங்கியது. பெரிய வைத்தியம் எதுவும் தேவைப்படவில்லை. அதே மாத்திரை, அதே குதிரைவாலி, அதே அவரைக்காய். புண் உள்ளிருந்து மெதுவாகத் தூர்ந்து மேலே வந்தது. டாக்டர் கொடுத்த கெடு முடிந்த அன்று விரலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது உங்ககிட்டயே இருக்கட்டும்," என்றார். நகம் மட்டும் போய்விட்டது. அது வளர்கிறபோது வளரட்டும்.

கம்பெனியில் கருப்பட்டிப் பங்கை நிறுத்துகிறேன் என்று சொன்னபோது ஒரே சத்தம். "அப்ப நெஞ்சுல இருக்கிற மருந்து எப்படிய்யா எறங்கும்?" என்று திரி வைக்கிற அம்மா ஒருத்தர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார். என் மனைவி கேட்ட கேள்விகளை அப்படியே அவரிடம் கேட்டேன். என் மனைவி கேட்டபோது இருந்த அழகு நான் கேட்டபோது இல்லை. கடைசியில் வேண்டுகிறவர்கள் வீட்டில் இருந்து கொண்டுவந்து சாப்பிட்டுக்கொள்ளுங்கள், கம்பெனி பங்காக உப்புப் போட்ட மோர்தான் என்று முடிவானது. மூக்குத் துணி கட்டாதவர்களைப் பழையபடி அதட்டுகிறேன். யாருக்கெல்லாம் சுகர் இருக்கிறது என்று கேட்டேன். முதல் நாள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் தனித்தனியாக வந்து ஆறு பேர் சொன்னார்கள்.

இவ்வளவையும் செய்த நான், எம். புதுப்பட்டிக்கு மட்டும் போகவில்லை. வேன் தினமும் அந்த வழியாகத்தான் போகும். அண்ணன் வீட்டுத் தெரு வரும்போது மறுபக்கம் திரும்பிக்கொள்வேன். போய் என்ன சொல்வது? உங்கள் காலை எடுக்கும்படி செய்தது நான்தான் என்றா? சீசன் முடியட்டும் என்று சொன்னேன். சீசன் முடிந்தது. பொங்கல் போகட்டும் என்றேன். பொங்கலும் போனது. என் மனைவி பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் வண்டிச் சாவியை எடுத்து என் கையில் கொடுத்தாள். "உங்கள நான் ஒரு வாரம் நம்பல. அதுக்கே அந்தக் கத்து கத்துனீக. அவரு எம்புட்டு நாளா அப்படி இருக்காரு?" என்றாள். இரண்டு பேரும் கிளம்பினோம். ஒருத்தர் வீட்டுக்குப் போகும்போது வெறுங்கையோடு போக முடியாது, இனிப்பும் வாங்க முடியாது. ஒரு பை நிறைய வெள்ளரிக்காய் வாங்கிக்கொண்டு போனோம்.

அண்ணன் முன்கூடத்தில் உட்கார்ந்து பட்டாசுக்கான வெறும் காகிதக் குழல் சுற்றிக்கொண்டிருந்தார். செயற்கைக் கால் சுவர் ஓரத்தில் சாய்ந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "ஏலே, வா வா. தங்கச்சியும் வந்திருக்கா. விரலு தேவலையா?" என்றார். என் விரலைத்தான் அவர் முதலில் விசாரித்தார். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். கருப்பட்டியை, பழத்தை, இரட்டைப் பங்கை, எல்லாவற்றையும். என் மனைவி நடுநடுவே எடுத்துக்கொடுத்தாள். அவர் குழல் சுற்றுவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டே வந்தார். ரத்தத்துக்குள் போனால் கருப்பட்டியும் சீனியும் ஒன்றுதான் என்ற இடத்தில் கை நின்றது.

"நீ இப்ப சொன்னத இன்னொருக்கா சொல்லு," என்றார். பிறகு உள்பக்கம் பார்த்து, "ஏய், இங்கன வா. இவன் சொல்றத வந்து கேளு," என்று கூப்பிட்டார்.

மதினி அடுக்களையில் இருந்து வந்து நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் மறுபடி முதலில் இருந்து சொன்னேன். அண்ணன் என்னைப் பார்க்கவில்லை, மதினி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அவரு திருடித் திங்கலையா?" என்றார் மதினி.

"இல்ல மதினி. எல்லாரும் பாக்க நான்தான் குடுத்தேன்."

"ஆஸ்பத்திரி வாசல்ல, ஒளிச்சு வச்சுத் திங்கிறாருன்னு சொன்னது நீங்கதானே?"

"நான்தான்."

"கட்டின புருசன் சத்தியம் பண்ணிச் சொன்னாரு. நான் அவர நம்பல. உங்கள நம்புனேன்."

மதினி குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். தாலிக்கயிற்றில் ஊக்கோடு கோத்திருந்த ஒரு சின்னச் சாவியைக் கழற்ற ஆரம்பித்தார். ஒன்றரை வருஷமாக அங்கேயே கிடந்த சாவி, ஊக்கு துருப்பிடித்துச் சட்டென்று வரவில்லை. என் மனைவி எழுந்து போய்க் கழற்றிக் கொடுத்தாள். சீனி டப்பா இருக்கிற அலமாரிச் சாவி. மதினி அதைக் கொண்டுவந்து அண்ணன் கையில் வைத்தார். வைத்துவிட்டு அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்.

அண்ணன் சாவியைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. ஆனால் இவ்வளவு நாளில் அவர் அப்படி நிமிர்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "நான் அன்னைக்கே சொன்னேன்ல," என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு மதினியின் முதுகைத் தட்டி, "போயி டீ போடு. எனக்குச் சீனி வேண்டாம்," என்றார்.